கணினியில் நேரம் வீணாவது எங்கே? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கணினி மெதுவாக இருக்கிறது என்று குறைப்படுபவர்களில் பலர், ரேம் கூட்டலாமா, புதிய கணினியே வாங்கிவிடலாமா என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். ஆனால் கடிதம், அறிக்கை, கணக்கு, மின்னஞ்சல் போன்ற அன்றாட வேலைகளில் நேரம் கரைவது பெரும்பாலும் இயந்திரத்தின் வேகக்குறைவால் அல்ல. ஒருமுறை தேடியதையே திரும்பத் தேடுவதாலும், செய்து முடித்ததையே திரும்பச் செய்வதாலும்தான். இவற்றுக்குக் காரணமான சில பழக்கங்களை விட்டுவிட்டால், இருக்கும் கணினியிலேயே வேலை விரைவாக முடியும்.

இவற்றில் அதிக நேரத்தை விழுங்குவது கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் முறை. ஒரே ஃபோல்டரில் 'அறிக்கை இறுதி', 'அறிக்கை இறுதி 2', 'அறிக்கை இறுதி புதியது' என்று மூன்று கோப்புகள் இருந்தால், எது உண்மையில் இறுதியானது என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கும். திருத்திய தேதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் சரியல்ல. பழைய கோப்பைத் திறந்து, தெரியாமல் ஒருமுறை சேமித்துவிட்டாலே அந்தத் தேதி மாறிவிடும். பெயரின் தொடக்கத்திலேயே '2025-03-09 அறிக்கை' என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை எழுதிவிட்டால், பெயர்வரிசையே காலவரிசையாகவும் அமைந்துவிடுகிறது. 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்ற பன்னாட்டுத் தரநிலை வகுத்திருக்கும் முறையும் இதுவே. நாளை முன்னால் போட்டு '09-03-2025' என்று எழுதினால், எல்லா மாதங்களின் ஒன்பதாம் தேதிக் கோப்புகளும் ஒன்றாகத் திரண்டு நின்று குழப்பும். மாதத்தையும் நாளையும் எப்போதும் இரண்டு இலக்கங்களில் எழுதுவது நல்லது. 9 என்ற எண்ணை 10-க்கு முன்னால் விண்டோஸ் சரியாகவே அடுக்கும் என்றாலும், எல்லா மென்பொருள்களும் அவ்வாறு அடுக்குவதில்லை.

மின்னஞ்சலோடு இணைத்து வந்த கோப்பை அங்கிருந்தபடியே திறந்து திருத்தத் தொடங்குவது இதைவிட ஆபத்தான பழக்கம். அவ்வாறு திறக்கும் கோப்பு பல நேரங்களில் ஏதோ ஒரு தற்காலிக ஃபோல்டரில்தான் இருக்கும் என்பதால், மணிக்கணக்கில் செய்த திருத்தங்களைச் சேமித்த பிறகும் அது எங்கே போயிற்று என்று தெரியாமல் தவிக்க நேரிடும். முதலில் உரிய ஃபோல்டரில், உரிய பெயரில் சேமித்துக்கொண்டு, பிறகு அங்கிருந்து திறந்து எழுதத் தொடங்குவதே பாதுகாப்பானது.

ஆவணங்களைத் தயாரிக்கும்போது, அடுத்த பகுதி புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக என்டர் விசையைப் பலமுறை தட்டிக்கொண்டே போவதைப் பரவலாகக் காணலாம். பிறகு முன்பகுதியில் இரண்டு வரிகள் கூடினால், தலைப்பு பக்கத்தின் நடுவுக்கு இறங்கிவிடும். அதன்பின் வரும் எல்லாப் பக்கங்களையும் கையால் சரிசெய்ய வேண்டிவரும். வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் கன்ட்ரோல் விசையோடு என்டரை ஒருமுறை அழுத்தினால் பக்கம் அங்கேயே முறிந்துவிடும். மேலே எத்தனை வரிகள் கூடினாலும் குறைந்தாலும் அடுத்த பகுதி புதிய பக்கத்திலேயே தொடங்கும். தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக மாற்றுவதும் இத்தகைய தவறே. அவற்றுக்கு, தலைப்புகளுக்கென்றே மென்பொருளில் இருக்கும் ஹெடிங் ஸ்டைல் என்ற வடிவமைப்பைக் கொடுத்துவிட்டால், பக்க எண்களோடு பொருளடக்கத்தை மென்பொருளே உருவாக்கித் தரும்; எல்லாத் தலைப்புகளின் அளவையும் ஒரே இடத்தில் மாற்றிவிடலாம். நீண்ட ஆவணம் எழுதுபவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் திறன் இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஷார்ட்கட் விசைகளை நீண்ட பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்லும் அறிவுரை பெரும்பாலோருக்குப் பயன்படுவதில்லை. ஒரு நாளில் அடிக்கடி மவுஸால் செய்யும் வேலை எது என்று கவனித்து, அதற்குரிய விசையை மட்டும் பழகிக்கொண்டால் போதும். விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், விண்டோஸ் விசையோடு வி எழுத்தை அழுத்துவதைச் சொல்வேன். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து, காப்பி செய்த கடைசி ஒன்றை மட்டுமல்லாமல், முன்பு காப்பி செய்தவற்றையும் இவ்வாறு எடுத்து ஒட்ட முடிகிறது. முதன்முறை அழுத்தும்போது வசதியை இயக்க அனுமதி தர வேண்டும். கடவுச்சொல்லைக் காப்பி செய்தால் அதுவும் அந்த வரிசையில் தங்கக்கூடும் என்பதால், பலர் பயன்படுத்தும் கணினியில் இந்த வசதியைத் தவிர்க்கவும்.

கணினி திணறும்போது ஷட் டவுன் செய்து மீண்டும் இயக்குவதும், ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றே என்று பலர் நம்புகிறார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அப்படி இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தால், திறந்திருந்த மென்பொருள்கள் மூடப்பட்டாலும், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலும், கணினியின் கருவிகளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே வட்டில் எழுதப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே மீட்டெடுக்கப்படுகிறது. ஆகவே டிரைவரில் ஏற்பட்ட கோளாறு மறுநாளும் தொடரக்கூடும். ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. தொடங்கும்போதே பல மென்பொருள்கள் தாமாக இயங்குவதும் மந்தத்துக்கு ஒரு காரணம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரில், தேவையில்லாதவற்றை நிறுத்திவைக்கலாம்.

கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் கூகுள் டிரைவோ ஒன்டிரைவோ இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று எண்ணுவதும் தவறு. அவை செய்யும் ஒத்திசைவு என்பது எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலையை வைத்திருப்பது. ஓரிடத்தில் அழித்தது எல்லா இடங்களிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாட்கள் மட்டுமே இருக்கும். முக்கியமான கோப்புகளின் பிரதி ஒன்றைத் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பதோடு, அவ்வப்போது அதிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து, அது பழுதின்றி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.