இசைத்தொகுப்பு அட்டை: சித்திரக்கதை ஓவியர்கள் விடக்கூடாத பிழைகள்

கோயில் திருவிழாவை ஒட்டி வரும் பக்திப்பாடல் இறுவட்டு, தேவாலயப் பாடகர் குழுவின் தொகுப்பு, வீட்டு அறையில் பதிந்து நேரே இணையத்தில் ஏற்றும் ராப் பாட்டு என்று திருகோணமலையில் வெளியாகும் எதற்கும் ஓர் அட்டைப்படம் வேண்டும். அந்த வேலை சித்திரக்கதை வரைகிறவரிடம் போவது நல்லது. கோட்டிலும் முகபாவத்திலும் அவருக்கு இருக்கும் பிடி, புகைப்படங்களை வெட்டி ஒட்டி அட்டை செய்பவருக்கு எளிதில் வராது. ஆனால் பக்கம் பக்கமாகக் கதை சொல்லிப் பழகிய கை, அட்டையில் சில பிழைகளைத் திரும்பத் திரும்ப விடுகிறது. கதைப் பக்கத்தை வாசகர் கட்டம் கட்டமாக வாசிப்பார்; அட்டையை ஒரே பார்வையில் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார். பிழைகள் பலவும் இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

பத்துப் பாட்டுக்குப் பத்துக் கட்டம் போடுவது அவற்றில் முதலாவது. இதற்கு முன்மாதிரியாக, அமெரிக்கப் பாடகி ஜானிஸ் ஜோப்ளின் பாடிய ‘சீப் திரில்ஸ்’ தொகுப்புக்கு 1968இல் சித்திரக்கதை ஓவியர் றொபேட் கிரம் வரைந்த அட்டையைக் காட்டுவார்கள். அது முழுக்கக் கட்டங்கள்தான். ஆனால் பின்னட்டைக்கென்று வரைந்த படம் முன்னட்டைக்கு வந்த கதை அது. அதோடு, அது 12 அங்குல இசைத்தட்டின் உறை. மடியில் வைத்து ஆறுதலாக வாசிக்கலாம். இன்று உங்கள் அட்டை முதலில் தோன்றும் இடம் கைத்தொலைபேசித் திரையில் ஒன்றரை சென்ரிமீற்றர்ச் சதுரம்.

கோர்ன் என்ற ரொக் இசைக்குழுவுக்காகச் சித்திரக்கதை ஓவியர் டொட் மக்ஃபார்லேன் 1998இல் எடுத்த வழி இதைவிட உதவும். மலை விளிம்பை நோக்கிப் பாண்டியாடிக்கொண்டு போகிறாள் ஒரு சிறுமி. அடுத்த துள்ளலை நாமே மனதில் வரைந்துகொள்கிறோம். சம்பவம் நடப்பதற்கு முந்தைய கணத்தைத் தெரிவது சித்திரக்கதைக்காரருக்குக் கைவந்த கலை. அட்டைக்கு அந்த ஒரு கட்டம் போதும்.

ஊரின் அடையாளங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்குவதும் இதே பிழைதான். கோணேசர் கோபுரம், இராவணன் வெட்டு, கோட்டைக்குள் திரியும் புள்ளிமான், கன்னியாவின் ஏழு கிணறுகள், பின்னால் சூரியன் என்று போட்டால் சுற்றுலாத் துண்டுப்பிரசுரம்தான் மிஞ்சும். ஒன்றை எடுத்துக் கிட்டப் போங்கள். பிரட்றிக் கோட்டை வாசலில் நிற்கும் மானின் ஈரமூக்கும் ஒரு கண்ணும் அட்டையை நிறைத்தால், ஊர்க்காரருக்கு இடம் சொல்லாமலே விளங்கும். கோபுரம் கட்டாயம் வேண்டும் என்று பக்திப்பாடல்காரர் கேட்டால், எல்லோரும் வரையும் முன்பக்கத்தை விட்டுவிட்டு, கீழே படகிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் பாறையையும் உச்சியில் கோயிலையும் வரையலாம். பென்சில் வரைவு முடிந்ததுமே அதைப் படமெடுத்துச் சிறிதாக்கி, வேறு ஐந்தாறு அட்டைகளுக்கு நடுவே வைத்து ஒரு முழத் தூரத்தில் பாருங்கள். கண்ணில் படாவிட்டால் மை தொடாதீர்கள்.

தாள், அளவு, ஸ்கான்

கதைப் பக்கம் நீளமானது, அட்டை சதுரம். நீளத் தாளில் வரைந்துவிட்டுப் பிறகு வெட்டினால் தலையோ காலோ போகும். இறுவட்டின் முன்னட்டை 120 மி.மீ. சதுரம், வெட்டும்போது விலகினாலும் வெள்ளை விளிம்பு தெரியாதிருக்க நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வேண்டும். ஏ3 தாளில் இரு மடங்காக, 25.2 செ.மீ. சதுரமாக வரைந்தால் பாதியாகக் குறைக்கும்போது சரியாக 126 மி.மீ. வரும். கோடும் பாதியாகும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். 0.1 பேனாவால் போட்ட நிழற்கோடு அச்சில் 0.05 மி.மீ. ஆகி உடைந்து உடைந்து தெரியும். மிக மெல்லிய கோட்டுக்கும் 0.3க்குக் குறையாத பேனாவைப் பிடியுங்கள்.

வாடைக்காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரை, தாள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நெளியும். உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் மை கசியும். சதுர மீற்றருக்கு 200 கிராமுக்குக் குறையாத வழுவழுப்பான தாளை எடுத்து, நாலு பக்கமும் பலகையில் ஒட்டி, கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்து வரையுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் சிக்கல் வேறு: மை பேனா முனையிலேயே காய்ந்து கட்டியாகும். அடிக்கடி துடைக்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் ஸ்கானர் பெரும்பாலும் ஏ4. ஏ3 தாளை அதில் அப்படியே வைத்தால், கண்ணாடியைச் சுற்றியுள்ள விளிம்பு தாளைச் சற்றே தூக்கிவிடும்; அந்தப் பக்கக் கோடுகள் மங்கிச் சாம்பல் நிழல் விழும். படத்தைச் சுற்றி 1 செ.மீ. மட்டும் விட்டுத் தாளை வெட்டுங்கள். கண்ணாடிக்கு வெளியே நீளும் பக்கம் எப்படியும் சற்று உயரும் என்பதால் அந்தப் பகுதியை நம்பாமல், இரண்டு தடவையாக, நடுவில் தாராளமாக ஒன்றின்மேல் ஒன்று வரும்படி 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்துப் பொருத்துங்கள். இரண்டு தடவையும் ஸ்கானரின் தானியங்கித் திருத்தம் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரு பாதியின் கறுப்பும் இரு விதமாக இருக்கும்.

எழுத்து

படம் முடிந்த பிறகு எஞ்சிய இடத்தில் பெயரைத் திணிப்பது மிகப் பரவலான பிழை. தமிழெழுத்துக்கு மேலே விசிறியும் புள்ளியும் உண்டு, கீழே உகரச் சுழியும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு விடும் இடத்தில் அது அடங்காது. தடித்த தூரிகை எழுத்தில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் சிறிதானதும் காணாமலே போகும். புள்ளியின் அகலம் கோட்டின் தடிப்புக்குக் குறையாமலும், இடைவெளி அதில் பாதிக்குக் குறையாமலும் இருக்கட்டும். சித்திரக்கதையில் கையெழுத்து பழகியவர் தலைப்பையும் கையால் எழுதுவதே அழகு.

கணினி எழுத்தானால், பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத அச்சகத்தில் திறந்தால் பாட்டுப் பட்டியல் முழுவதும் ஆங்கிலக் குறிகளாகும். யூனிகோடில் வேறு ஆபத்து: வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழி அமைப்பு இயங்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்தைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக மாற்றி, மாற்றிய பிறகு இன்னொருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

நிறமும் கறுப்பும்

நிலாவெளிக் கடலின் பச்சைநீலம் திரையில் ஒளிரும், அச்சில் மங்கும். சயன் (நீலம்), மஜெந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளால் அந்த ஒளிர்வைக் கொண்டுவர முடியாது. தொடக்கத்திலேயே அச்சு நிறமுறையில் பார்த்து வரையுங்கள். சயன் 70 வீதம், மஞ்சள் 25 வீதம் அளவில் வைத்து மஜெந்தாவை முற்றாக நீக்கினால் ஓரளவு தெளியும். பக்கத்தில் கருஞ்சிவப்போ மண்நிறமோ இருந்தால் இன்னும் எடுப்பாகும்.

பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு மை மட்டும் போட்டால் வெளிறும். சயன் 60, மஜெந்தா 40, மஞ்சள் 40 சேருங்கள். ஆனால் கோட்டுக்கும் சின்ன எழுத்துக்கும் தனிக் கறுப்பு 100 மட்டும். நாலு மையில் அச்சடித்தால் தகடு இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் தெரியும். டிஜிட்டல் அச்சில் மடிப்பின்மேல் கறுப்பு வந்தால் வெடித்து வெள்ளைக்கோடு விழும். மடிக்குமுன் தாளில் கோடு அழுத்தித் தரச் சொல்லுங்கள்.

வட்டின் நடுவில் 15 மி.மீ. துளை. நாயகனின் முகத்தை அங்கே வைத்துவிட்டு மூக்கைப் பறிகொடுத்த வட்டுகள் ஏராளம். வெள்ளி வட்டில் வெள்ளை அடித்தளம் கேட்காவிட்டால் தோல்நிறம் உலோகம்போல் மின்னும். பின்னட்டை 151 x 118 மி.மீ.; அதில் இரு ஓரமும் மடிந்து பெட்டியின் பக்கவாட்டில் தெரியும் 6.5 மி.மீ. முதுகு. முதுகில் ஒரு வரிக்குமேல் எழுதவே வேண்டாம்.

இணையத்துக்கு வேறு கோப்பு

இணைய வெளியீட்டுக்கு 3000 x 3000 பிக்சல், திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறமுறை. அனுசரணை தந்த கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அட்டையில் இருப்பது நம் ஊர் வழக்கம். இணையக் கடைகள் இலக்கம், விலை, இணைய முகவரி உள்ள படங்களைத் திருப்பி அனுப்பும். அனுசரணையாளருக்குப் பின்னட்டையில் இடம் கொடுங்கள். பாடகர் பெயரும் தொகுப்பின் பெயரும் பாட்டை ஏற்றும்போது இணையத்தில் பதியும் விபரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

உரிமை பற்றி வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியருக்குப் பாதுகாப்புத் தருகிறது. யாருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்பது கையொப்பத்துடன் எழுத்தில் இருக்க வேண்டும். இறுவட்டு, இணையம், மேடைப் பதாகை, ரீசேட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதுங்கள். மூலத்தாள் யாருக்கு, எத்தனை தடவை திருத்தம், ஓவியர் பெயர் எங்கே வரும் என்பவையும் அதில் இருக்கட்டும். பிரபல கதாநாயகர் ஒருவரின் உடையைப் பாடகருக்கு மாட்டிவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த உருவம் இன்னொருவரின் சொத்து.

முழுத்தொகையும் அச்சாகுமுன் அதே தாளில் ஒரு மாதிரி வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டி, மடித்து, பெட்டிக்குள் செருகி மூடுங்கள். மூடியின் ஓரத்தில் அட்டையைப் பிடித்திருக்கும் சிறு நாக்குகளுக்குக் கீழே பாடகர் பெயர் மறைந்தால், எழுத்தை 5 மி.மீ. உள்ளே தள்ளிய பிறகே மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள்.