ஃபைல் அப்லோடை ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைப்பது எப்படி?

மாதக் கடைசி வந்தால் 40 பில்களை ஒவ்வொன்றாக ஒரு தளத்தில் ஏற்றுவது என் வேலை. 'சூஸ் ஃபைல்' அழுத்து, ஃபோல்டரைத் தேடு, ஓப்பன் கொடு, சப்மிட் பண்ணு, மறுபடியும் முதலிலிருந்து. பத்தாவது பில்லுக்குள் எதை ஏற்றினோம், எதை விட்டோம் என்றே குழம்பிவிடும். சரி, சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ ஏஜென்ட் செய்யட்டும் என்று கொடுத்தேன். பக்கத்தைத் திறந்தது, பட்டனை அழுத்தியது, அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபைலைத் தேர்ந்தெடுக்கத் திறக்கிறதே ஒரு ஜன்னல், அது வலைப்பக்கத்தைச் சேர்ந்ததே இல்லை. விண்டோஸோ மேக்கோ, உங்கள் கம்ப்யூட்டரே திறக்கும் ஜன்னல் அது. பக்கத்துக்குள் மட்டும் பார்க்கும் ஏஜென்ட்டின் கண்ணில் அது படாது. பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட்டைக் (சிறு நிரலை) கொண்டு பக்கத்தின் 'சூஸ் ஃபைல்' பெட்டியில் ஃபைலின் பாதையை, அதாவது அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியை, நிரப்பவும் பிரவுசர் விடாது. விட்டால், நீங்கள் போகும் எந்தத் தளமும் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எதை வேண்டுமானாலும் உருவிக்கொள்ளலாமே!

அதனால் அந்த ஜன்னலைத் திறக்கவிடாமல் இடைமறித்து, ஃபைலின் பாதையை நேராகப் பிரவுசரிடம் கொடுக்கும் கருவி ஒன்று வேண்டும். நான் பயன்படுத்துவது பிளேரைட். மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட இலவசக் கருவி. இணையதளங்களைச் சோதிப்பவர்களுக்காக வந்தது. ஏஐ மாடல்கள் வெளிக் கருவிகளை இயக்குவதற்கென்று ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே பிளேரைட்டுக்கும் ஒரு எம்சிபி சர்வர், அதாவது ஏஜென்ட் பிளேரைட்டை இயக்க உதவும் இணைப்பு நிரல், வந்துவிட்டது.

படி 1: நோட் ஜேஎஸ் (இந்தச் சர்வர் ஓடுவதற்குத் தேவையான மென்பொருள்), விஎஸ் கோட் (மைக்ரோசாஃப்ட்டின் கோட் எடிட்டர்) இரண்டையும் நிறுவுங்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பிளேரைட் எம்சிபி பக்கத்துக்குப் போனால் விஎஸ் கோடில் நிறுவுவதற்கான பட்டன் இருக்கும். அதை அழுத்தி அனுமதி கொடுத்தால் போதும்.

படி 2: புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஏற்ற வேண்டிய ஃபைல்களை அதற்குள் போட்டு, அந்த ஃபோல்டரையே விஎஸ் கோடில் திறங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். திறந்திருக்கும் ஃபோல்டருக்கு வெளியே உள்ள ஃபைல்களை இந்தச் சர்வர் சாதாரணமாகத் தொடாது. அந்தத் தடையை நீக்க வழி இருக்கிறது, ஆனால் நீக்காதீர்கள் என்பேன். உங்கள் ஆதார் நகலை ஏஜென்ட் தவறுதலாக எங்கேயும் ஏற்றிவிடாமல் காப்பது அதுதான்.

படி 3: முதலில் ஒரு பயிற்சித் தளத்தில் பழகுங்கள். 'தி இன்டர்நெட் ஹீரோக்கு' என்று தேடினால் கிடைக்கும் தளத்தில் 'ஃபைல் அப்லோட்' என்று ஒரு பக்கம் உண்டு. விஎஸ் கோடில் உள்ள ஏஐ அரட்டைப் பெட்டியான கோபைலட் சாட்டை ஏஜென்ட் முறைக்கு மாற்றி, தமிழிலேயே இப்படிக் கேளுங்கள்:

"பயிற்சித் தளத்தின் ஃபைல் அப்லோட் பக்கத்தைத் திற. இந்த ஃபோல்டரில் உள்ள முதல் பில்லை ஏற்று. ஏற்றியபின் பக்கத்தில் தெரியும் ஃபைல் பெயரைப் படித்துச் சொல்."

இப்போது நடப்பதைக் கவனியுங்கள். ஏஜென்ட் பக்கத்தைப் படம் பிடித்துப் பார்ப்பதில்லை. பட்டன், பெட்டி, லிங்க் எல்லாம் பெயரோடு ஒரு பட்டியலாக அதற்குப் போகிறது. 'சூஸ் ஃபைல்' அழுத்தியதும், ஃபைல் தேர்வு காத்திருக்கிறது என்று பதில் வரும். அப்போது வேறு எதையும் அழுத்த முயன்றால் சர்வர் மறுத்துவிடும். சர்வரில் உள்ள ஃபைல் அப்லோட் டூலை ஏஜென்ட் அழைத்து, ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்தால்தான் மேலே நகரும். பாதை கொடுக்காமல் அழைத்தால் தேர்வு ரத்தாகிவிடும். ஏஜென்ட் தடுமாறி நின்றால், "ஃபைல் அப்லோட் டூலைப் பயன்படுத்து" என்று ஒரு வரி எடுத்துக்கொடுங்கள், பிடித்துக்கொள்ளும்.

படி 4: நிஜத் தளம். லாகினை நீங்களே செய்யுங்கள். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் சாட்டில் எழுத வேண்டாம். பிரவுசர் உங்கள் கண்முன்தான் திறந்திருக்கும். நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டு, "இனி நீ தொடரலாம்" என்று சொன்னால் போதும். கேப்ட்சா வந்தாலும் அப்படியே.

படி 5: ஒரே மூச்சில் நாற்பதையும் கொடுக்காதீர்கள். நான் ஐந்து ஐந்தாகத்தான் கொடுக்கிறேன். முதல் தடவை மொத்தமாகக் கொடுத்தேன். "எல்லாம் ஏற்றியாயிற்று" என்று பதில் வந்தது. எண்ணிப் பார்த்தால் தளத்தில் 37தான் இருந்தன. மூன்று பில்கள் 2 எம்பியைத் தாண்டியிருந்தன. தளம் சிவப்பு எழுத்தில் மறுத்திருக்கிறது. ஏஜென்ட்டோ சப்மிட் அழுத்தியதையே வெற்றியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து கட்டளையின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்: "ஒவ்வொரு ஃபைலுக்குப் பிறகும் தளத்தின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அங்கேயே நிறுத்தி, பக்கத்தில் வந்த செய்தியை அப்படியே எனக்குக் காட்டு."