அரபிக்கும் ஆங்கிலத்துக்கும் பொருந்தும் பெண் குழந்தைப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் முறை

தந்தை எகிப்தைச் சேர்ந்தவர், தாய் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். பிறந்திருக்கும் மகளுக்கு, இரு வீட்டுப் பாட்டிகளும் நாக்குத் தடுமாறாமல் கூப்பிடக்கூடிய பெயர் ஒன்று வேண்டும். இத்தகைய குடும்பங்கள் பெரும்பாலும் நல்ல பொருளைத் தேடித்தான் தொடங்குகின்றன. ஒலியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பெயரின் பொருளைப் பிறர் எப்போதாவதுதான் கேட்பார்கள். பெயரையோ நாள்தோறும் அழைப்பார்கள்.

படி 1: ஒலியைக் கொண்டு வடிகட்டுங்கள்

விருப்பமான பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இரண்டில் ஒரு மொழியில் இல்லாத ஒலியைக் கொண்டவற்றை முதலில் நீக்குங்கள். ‘பாம்பு’ என்ற சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லொலி எழுத்தரபியில் இல்லை. அதன் இறுதியில் வரும் மெல்லிய பகர ஒலியே உண்டு. எனவே பெனலோப்பி என்ற பெயர் தந்தை வீட்டில் பெரும்பாலும் உருமாறிவிடும். ஒலிவியாவும் அங்கே ஒலிஃபியா ஆகக்கூடும். மறுபுறம், கதீஜா, காதா ஆகிய பெயர்களின் தொடக்கத்தில் தொண்டையை உரசி எழும் ஒலிகள் ஆங்கிலம் பேசுவோரிடம் வெறும் ககரமாகிவிடும். ஆயிஷா, ஆலியா போன்றவற்றை மட்டும் அவசரப்பட்டு நீக்க வேண்டாம். அவற்றின் தொடக்கத்தில் உள்ள ‘ஐன்’ எழுத்தின் ஒலி ஆங்கிலத்தில் உதிர்ந்துபோனாலும், பெயர் அடையாளம் தெரியும்படியே நிற்கும்.

படி 2: எஞ்சிய பெயர்களின் வேரைப் பாருங்கள்

இவை இரு வகைப்படும். மர்யம், சாரா போன்றவை இரு மரபுகளுக்கும் பொதுவான பழைய பெயர்கள். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம். ஆங்கிலத்தில் அது மேரி என்றும் மிரியம் என்றும் வழங்குகிறது. பெற்றோர் வெவ்வேறு மதத்தினராக இருந்தால் இவ்வகை நன்கு பொருந்தும்.

இரண்டாம் வகைப் பெயர்கள் தற்செயலாக ஒத்து ஒலிப்பவை. அரபியில் நூரா ஒளியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஆங்கில நோராவோ ஹொனோரா, எலியனோரா போன்ற பெயர்களின் சுருக்கம். லீனா அரபியில் பேரீச்ச மரத்தைக் குறிக்கும் சொல். ஐரோப்பாவில் கரோலினா போன்ற பெயர்களின் சுருக்கமாக வழங்குகிறது. நான் பரிந்துரைப்பது இவ்வகையைத்தான், ஏனெனில் இரு வீட்டாரும் இதைத் தத்தம் பெயராகவே உரிமை கொண்டாட முடியும்.

படி 3: எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள்

பலர் கவனிக்கத் தவறும் படி இது. லைலா என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தரபியில் அது லைலா. எகிப்தியப் பேச்சில் லேலா. ஆங்கிலத்தில் எல்-ஏ-ஒய்-எல்-ஏ என்று எழுதினால் லேலா என்றே படிப்பார்கள். எல்-இ-ஐ-எல்-ஏ என்று எழுதினால் சிலர் லீலா என்றும் படிக்கக்கூடும். மொராக்கோ, துனிசியா போன்ற நாடுகளில் பிரெஞ்சு முறைப்படி ஷகர ஒலியை சி-எச் என்று எழுதுவதால், அம்முறையில் எழுதப்பட்ட ஆயிஷாவை இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் ‘ஆய்ச்சா’ என்று அழைத்துவிடலாம். குழந்தை எந்த நாட்டில் பள்ளிக்குச் செல்லப் போகிறதோ, அந்நாட்டார் முதல் முறையிலேயே சரியாகப் படிக்கும் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: முழுப்பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள்

எகிப்திய ஆவணங்களில் குழந்தையின் பெயருக்குப் பின் தந்தையின் பெயரும் பாட்டனாரின் பெயரும் தொடரும். பிரிட்டனில் குடும்பப் பெயர் இறுதியில் வரும். இரு வரிசைகளிலும் சொல்லிப் பாருங்கள்.

படி 5: பதிவு செய்யுங்கள்

முஸ்லிம் குடும்பங்களில் ஏழாம் நாள் பெயர் சூட்டுவது வழக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பை 42 நாட்களுக்குள்ளும், ஸ்காட்லாந்தில் 21 நாட்களுக்குள்ளும் பதிய வேண்டும். ஆகவே ஏழாம் நாள் சூட்டிய பெயரைச் சில நாட்கள் இரு வீட்டிலும் அழைத்துப் பார்த்த பிறகு பதிவாளரிடம் செல்லலாம். பின்னர் தந்தையின் நாட்டுத் தூதரகத்தில் பதியும்போது, பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்கூட்டலையே கடவுச்சீட்டிலும் இடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.