ரெய்டு 1: டிஸ்க் இரண்டையும் மாற்றியாச்சு, இடம் ஏன் கூடவில்லை?

சர்வரில் மிரராக (ரெய்டு 1: ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும்) ஓடிக்கொண்டிருந்த இரண்டு 2 டிபி டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு 4 டிபி டிஸ்க்குகளைப் போட்டேன். எல்லாம் முடிந்து, இட அளவைக் காட்டும் டிஎஃப் கமாண்டை அடித்துப் பார்த்தால் அதே பழைய அளவு. அதற்குப் போன இரண்டு நாள் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

என் அமைப்பு: லினக்ஸ், எம்டிஆடம் என்ற கருவியால் அமைத்த ரெய்டு, அதன் மேல் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு, வெறும் டேட்டா மட்டும். கமாண்டுகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேக்கப். மிரர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். தவறி அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில்தான் அழியும்.

அடுத்து, ரெய்டின் நிலையைக் காட்டும் /ப்ராக்/எம்டிஸ்டாட் கோப்பைப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் இரண்டு 'யூ' இருந்தால் இரண்டு டிஸ்க்கும் நலம். ஒரு யூவும் ஒரு அடிக்கோடும் தெரிந்தால், அதைச் சரிசெய்யும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். ஒரு டிஸ்க்கை எடுத்தபின் மிஞ்சுவதை முதல் செக்டரிலிருந்து கடைசிவரை படித்துத்தான் புதியது நிரம்பும். அதனால் ஸ்மார்ட்சிடிஎல் வைத்து அதன் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள்.

எதைக் கழற்றுவது? எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள். ரீபூட்டில் அவை இடம் மாறலாம். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை /டெவ்/டிஸ்க்/பை-ஐடி பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தே கையை வையுங்கள். பிறகு எம்டிஆடமில் --ஃபெயில், --ரிமூவ் கொடுத்துவிட்டுக் கழற்றலாம்.

நான் விழுந்த பள்ளம் இங்கேதான். பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் டேபிளை (டிஸ்க்கின் பிரிவுகள் எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்ற பட்டியல்) எஸ்எஃப்டிஸ்க் மூலம் அப்படியே புதியதில் நகல் எடுத்தேன். கெட்டுப்போன டிஸ்க்குக்குப் பதில் அதே அளவில் ஒன்று போடும்போது அது நல்ல குறுக்குவழி. இங்கே அது பழைய தொடக்கத்தையும் பழைய நீளத்தையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே வெளியீட்டில் டிஸ்க் 3.6டி (4 டிபிதான், 1024 கணக்கில் இப்படிக் காட்டும்), அதற்கு அடுத்த வரியில் பார்ட்டிஷன் 1.8டி. கண்முன்னே இருந்தும் கவனிக்கவில்லை, இரண்டாவது டிஸ்க்கிலும் அதையே செய்தேன். ரெய்டு, முழு டிஸ்க்கைப் பார்ப்பதில்லை, நாம் கொடுக்கும் பார்ட்டிஷனைத்தான் பார்க்கும்.

எனவே நகல் வேண்டாம், புதிதாக உருவாக்குங்கள். 512 பைட் செக்டரில் பழைய எம்பிஆர் டேபிளால் சுமார் 2.2 டிபிக்கு மேல் எட்ட முடியாது, புதிய வகை டேபிளான ஜிபிடிதான் வேண்டும். அதை உருவாக்க எனக்குப் பிடித்த கருவி எஸ்ஜிடிஸ்க். முடிவு செக்டருக்கு 0 கொடுத்தால் கடைசிவரை அதுவே எடுத்துக்கொள்ளும். பார்ட்டட் என்ற இன்னொரு கருவி, கமாண்டை அடித்த மறுகணமே டிஸ்க்கில் எழுதிவிடும், எனக்கு அந்த அவசரம் ஆகாது.

அப்புறம் எம்டிஆடமில் புதிய பார்ட்டிஷனுக்கு --ஆட் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள், பல மணி நேரம் ஆகும். இரண்டு யூவும் திரும்ப வந்த பிறகே அடுத்த டிஸ்க். நடுவில் பொறுமை இழந்து இரண்டாவதை உருவினால் பேக்கப்தான் கதி.

இரண்டும் முடிந்ததா? இப்போது ரெய்டை விரிக்க எம்டிஆடம் --குரோ /டெவ்/எம்டி0 --சைஸ்=மேக்ஸ். புதிதாகச் சேர்ந்த பகுதிக்கு இன்னொரு ஒத்திசைவு ஓடும், அது பாட்டுக்கு ஓடட்டும். கடைசியாகக் கோப்பு அமைப்பை விரிக்க ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எம்டி0. எக்ஸ்ட்4 மவுன்ட் ஆகி இருக்கும்போதே வளரும். எக்ஸ்ட்4க்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ், அதற்கு மவுன்ட் பாயின்ட்டை (அது இணைந்திருக்கும் ஃபோல்டரை) கொடுக்க வேண்டும். ரெய்டுக்கும் கோப்பு அமைப்புக்கும் நடுவில் எல்விஎம் (இடத்தைப் பங்கிடும் அடுக்கு) இருந்தால் முதலில் பிவிரீசைஸ், பிறகு எல்விஎக்ஸ்டெண்ட், அதன் பிறகே கோப்பு அமைப்பு.

பிற்சேர்க்கை 1: மாற்றி முடித்தபின் சர்வர் பூட்டே ஆகவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடையது பூட் டிஸ்க். எம்டி (லினக்ஸின் ரெய்டு பகுதி) தன் வசமுள்ள பார்ட்டிஷனை மட்டுமே நகலெடுக்கும், அதற்கு வெளியே இருக்கும் பூட்லோடர் (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) வராது. முதல் டிஸ்க் ஒத்திசைந்ததுமே அதில் க்ரப்-இன்ஸ்டால் ஓட்டுங்கள். பயாஸும் ஜிபிடியும் சேர்ந்தால் 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷனும் தேவை.

பிற்சேர்க்கை 2: சர்வரில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் --ஃபெயில் பக்கமே போகாதீர்கள். புதியதைச் சேர்த்துவிட்டு --ரிப்ளேஸ் கொடுங்கள். நகல் முடியும்வரை பழைய டிஸ்க்கும் மிரரில் இருக்கும். நான் ஒரு நாள் முழுக்க ஒற்றை டிஸ்க்கில் ஓட்டியபோது இது எனக்குத் தெரியாது.