ஜப்பான்காரன் காலத்து எதிர்ப்புப் படை: இடுபணியை எப்படிச் செய்வது?

1941 முதல் 1945 வரை மலாயாவில் ஜப்பானியரைக் காட்டிலிருந்து எதிர்த்த ‘மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை’யைப் பற்றிப் பள்ளி இடுபணி எழுதச் சொன்னால், ஆண்டுதோறும் என் மாணவர்கள் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள்: “ஜப்பானியரை எதிர்க்கப் பிரிட்டிஷார் மக்கள் படையை உருவாக்கினர்.” மலேசியாவின் பேராக் மாநிலத்தில் வரலாறு போதிக்கும் நான் அதை அடித்துவிட்டு, ஒரு மஹ்ஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்) வாங்கி வரச் சொல்வேன்.

தாளை நீளவாக்கில் விரித்து நடுவே ஒரு கோடு போடுங்கள். மேலே பிரிட்டிஷார் செய்தவை, கீழே காட்டில் இருந்தவர்கள் செய்தவை. ஆளோ பணமோ துப்பாக்கியோ செய்தியோ உண்மையிலேயே கைமாறிய இடத்தில் மட்டும் சிவப்பு மையால் குறுக்கே இழுங்கள்.

முதல் சிவப்புக்கோடு 1941 டிசம்பரில் விழும். 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிய பிறகுதான், அதுவரை தடை செய்து வைத்திருந்த மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்களுக்குச் சிங்கப்பூரின் 101 சிறப்புப் பயிற்சிப் பள்ளியில் பிரிட்டிஷார் அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஏறத்தாழ 165 பேர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, தொடர்பும் போனது.

அடுத்த 15 மாதத்தை மேலே வெறுமையாகவே விடுங்கள். எதையாவது எழுதி நிரப்பக் கை துடிக்கும், வேண்டாம். கீழேயோ இடம் போதாது: பயிற்சி பெற்றவர்கள் காட்டில் தொடங்கிய படை வளர்கிறது, காட்டோரக் குடியேறிகள் அரிசியும் மரவள்ளியும் கொடுக்கிறார்கள், 1942 செப்டம்பர் 1இல் பத்துமலை அருகே கூடிய தலைவர்களை ஜப்பானியர் சுற்றி வளைத்துக் கொல்கிறார்கள்.

1943 மே மாதம் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டேவிஸ் ஐந்து சீன முகவர்களோடு டச்சு நீர்மூழ்கியில் இலங்கையிலிருந்து வந்து பேராக் கரையில் இறங்கினார். நவம்பரில், பிரிட்டிஷாருக்காக உளவு ஆட்களைத் திரட்டிய சிங்கப்பூர்ச் சீனர் லிம் போ செங் வந்தார். இவரும் இவர் திரட்டிய ஆட்களும் கம்யூனிஸ்டுகளுக்குப் போட்டியான சீனத் தேசியக் கட்சி, கோமிந்தாங் பக்கம் என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் கடைசி நாள்களில் பீடோர் மலைக்காட்டில், பிளாந்தான் முகாமில், ஒப்பந்தம் ஆனது: ஆயுதம், பணம், பயிற்சி, மருந்து தருவது பிரிட்டிஷார், அவர்கள் உத்தரவுப்படி நடப்பது கெரில்லாக்கள். போருக்குப் பிறகு நாடு யாருக்கு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

கையெழுத்திட்டவர்களைத் தனித்தனியாக எழுதுங்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் வந்த அதன் தலைவர் லாய் தெக் ஜப்பானியருக்கு உளவு சொன்னவர். பத்துமலைக் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தவரும் அவரே. இதை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனித்தான் மாணவர்கள் தவறும் இடம். ஒப்பந்தம் ஆன நாளில் தடிமனாகச் சிவப்புக்கோடு போட்டுவிடாதீர்கள். இலங்கையோடு வானொலித் தொடர்பு கிடைத்தது 1945 பிப்ரவரியில்தான். நடுவில் ஓராண்டுக்கு மேல் அந்த வாக்குறுதி வெறும் காகிதம். அதற்குள் 1944 மார்ச்சில் ஈப்போ நகரில் பிரிட்டிஷாருக்காக இயங்கிய உளவு வலை அறுந்து, பிடிபட்ட லிம் போ செங் ஜூன் 29இல் பத்து காஜா சிறையில் இறந்துபோனார். சிவப்பு அடர்த்தியாவது 1945இல், விமானங்கள் பாராசூட்டில் ஆளும் ஆயுதமும் போட்டபோது.

அந்தப் பாராசூட்டை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் பாட்டி, சாக்குத் துணி கட்டிய காலத்தில் கிடைத்த அந்தத் துணியில் தைத்த ரவிக்கையைக் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கைத்தையல், கம்கட்டில் மட்டும் இரட்டைத் தையல். யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், “காட்டுல இருந்து வந்துச்சு” என்பதோடு நிறுத்திக்கொள்வார். உங்கள் வீட்டிலும் தொண்ணூறை ஒட்டிய வயதில் யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். “எதிர்ப்புப் படை தெரியுமா” என்று கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், என்ன உடுத்தினீர்கள், ராத்திரியில் யார் வந்து கதவைத் தட்டினார்கள் என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள்.

தாளை 1945 டிசம்பரோடு மடித்துவிடாதீர்கள். அன்று ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி (டாலர்) கொடுத்தார்கள். ஒப்படைக்காமல் காட்டில் புதைத்தவையும் உண்டு. 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் வந்தபோது, டேவிஸை வரவேற்றுக் காட்டுக்குள் கூட்டிப்போன கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் சின் பெங்தான் பிரிட்டிஷார் தேடிய முதல் ஆள். அந்த ஆண்டு வரைக்கும் தாள் போதாவிட்டால் இன்னொன்றை ஒட்டிக்கொள்ளுங்கள்.