உணர்ச்சி இல்லாத தேமலா? எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்

தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. தோலைக் கீறிச் சுரண்டிக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்மியர் எடுத்தார்கள், 'நெகட்டிவ்' என்று வந்தது, அவரும் தொழுநோய் இல்லை என்று நிம்மதியாகி வேலைக்குப் போய்விட்டார். எட்டு மாதத்தில் சுண்டுவிரல் மடங்க ஆரம்பித்தது. அந்த நெகட்டிவுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு ஒருவராவது அவருக்குச் சொல்லியிருந்தால் அந்த விரல் தப்பியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லேபுக்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று பாருங்கள். தேமல் உள்ளவரைக் கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் முதலில் நல்ல தோலிலும் அப்புறம் தேமலிலும் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். தேமலில் தொட்டது தெரியவில்லை என்றால் உடனே தோல் டாக்டரிடம் போங்கள். உணர்ச்சி போன தேமலை வைத்தே டாக்டர் நோயை உறுதி செய்யலாம், எந்த ரிப்போர்ட்டுக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

ஸ்மியர் என்பது காது மடலிலும் தேமலின் ஓரத்திலும் ரத்தம் வராதபடி தோலை இறுக்கிப் பிடித்து, சுமார் 5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறி, உள்ளிருந்து சுரண்டி எடுப்பதைக் கண்ணாடியில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்ப்பது. கிருமி சிவப்புக் குச்சி மாதிரித் தெரியும். ரிப்போர்ட்டில் 0 முதல் 6+ வரை எண் போடுவார்கள்: 1+ என்றால் மைக்ராஸ்கோப்பில் 100 இடம் பார்த்ததில் மொத்தமே 1 முதல் 10 கிருமி, 6+ என்றால் ஒரே இடத்தில் ஆயிரத்துக்கு மேல். பாசிட்டிவ் வந்தால், தேமல் ஒன்றே ஒன்று இருந்தாலும், அது கிருமி அதிகமுள்ள வகை. ஆனால் ஒரு கிராம் திசுவில் சுமார் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும், அதனால் கிருமி குறைவான வகையில் ஸ்மியர் நெகட்டிவாக வருவதுதான் வழக்கம். அண்ணாச்சிக்கு நடந்தது இதுதான்.

சந்தேகம் தீராவிட்டால் பயாப்ஸி, அதாவது தோலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பார்ப்பது. தேமலின் ஓரத்திலிருந்து, கொழுப்பு வரை ஆழமாக எடுக்க வேண்டும். கிருமியே தெரியாவிட்டாலும் நரம்பைச் சுற்றி வீக்கம் கட்டியிருப்பது இதில் தெரியும், என் கணக்கில் குறைந்த கிருமி வகைக்கு இதுவே மேல். 'ஃபைட்' சாயம் போட்டார்களா என்று தயங்காமல் கேளுங்கள், சாதாரண முறையில் கழுவும்போது இந்தக் கிருமி பிடித்த சாயத்தை விட்டுவிடும். மெழுகில் பதித்த ப்ளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள், வேறு டாக்டரிடம் போனால் இன்னொரு முறை வெட்ட வேண்டியிருக்காது.

பிசிஆர் கிருமியின் டிஎன்ஏவைத் தேடுவது, ஸ்மியரை விடக் கூர்மையானது, ஆனாலும் கிருமி மிகக் குறைந்தால் தவறவிடும். செத்த கிருமியின் டிஎன்ஏவும் காட்டும் என்பதால் குணமாகிவிட்டதா என்று பார்க்க உதவாது. நோய் திரும்பி வந்து, தொழுநோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்று தெரிய வேண்டியிருக்கும்போது இதற்குக் காசு செலவழிக்கலாம். ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள், குறைந்த கிருமி வகையில் பெரும்பாலும் நெகட்டிவ் வரும், நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் நல்ல ஆளுக்கு பாசிட்டிவும் வரலாம்.

கல்ச்சர், அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது என்று யாராவது எழுதினால் ஏன் என்று கேளுங்கள். 1873இல் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததிலிருந்து இன்று வரை இதை லேப் தட்டில் யாராலும் வளர்க்க முடியவில்லை.

அண்ணாச்சிக்குப் பயாப்ஸியில்தான் தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம், மாதா மாதம் போய் வாங்கி வருகிறார், விரலுக்குப் பயிற்சியும் நடக்கிறது. மாத்திரை ஆரம்பித்த அன்றே அவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வரச் சொல்லி, அவர்களுக்கும் தேமல் இருக்கிறதா என்று சட்டையைக் கழற்றி முதுகு முழுக்கப் பார்த்தார்கள்.