ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரியின் டிரம் சோர்ந்து சுற்றுகிறதா?

டிரம்மை எஞ்சின் நேரடியாகச் சுற்றுவதில்லை. எஞ்சின் ஹைட்ராலிக் பம்பை ஓட்டும். பம்ப் தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தில் மோட்டார் சுழலும். கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைத்து, முறுக்குவிசையைக் கூட்டி டிரம்முக்குத் தரும். பம்புக்குள் இருக்கும் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் டிரம் சுற்றும் திசை மாறும்; ஒரு பக்கம் சுற்றினால் கலக்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் கொட்டும். அதனால் அந்தத் தட்டைச் சாய்க்கும் லீவரை ஒரேயடியாக எதிர்ப்பக்கம் தள்ளாதீர்கள். டிரம் நின்றபிறகு திருப்புங்கள்.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் காற்று புகுந்திருக்கிறது. உறிஞ்சும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். காலையில் நன்றாக ஓடி, வெயில் ஏற ஏற சோர்ந்தால், பம்பைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கைக் கொஞ்சம் நிறுத்துங்கள். முதலில் ஆயில் கூலர். அதில் சிமெண்ட் தூசி அடைத்தால் எண்ணெய் சூடேறி நீர்த்துவிடும், அழுத்தம் நிற்காது. அப்புறம், ஃபில்டரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் மாற்றுவது வீண்செலவு.